எழுந்திருக்கிறத வெட்டாத படங்கள்

"வயசானவங்கள வச்சு ரொம்ப மெதுவா நகர்ற படங்கள சிலர் தலையில தூக்கி வச்சுக் கொண்டாடுறாங்க, நானும் ரெண்டு மூணு பாத்துட்டேன், ஒரு பெரியவர் உக்காந்திருக்கார், எழுந்து நடக்கிறார், ஜன்னல் வழியா வெளிய பாக்கிறார், படம் முடிஞ்சிருது, இதுல அப்படி என்னதான் இருக்கு?" இதான் கேள்வி. நியாயமான கேள்விதான். இதுக்கு வழக்கமா வர்ற பதில் "வயசானா தானா புரியும்"ங்கறது. அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, ஏன்னா இந்தப் படங்கள் என்னைப் பிடிச்சுக்கிட்டப்போ எனக்கு வயசு இருபத்தி ஆறு. வயசுனால புரியல, நான் செய்ற வேலையால புரிஞ்சுது. நான் எடிட்டர். அதனால எடிட்டிங் டேபிள்ல உக்காந்த இடத்துல இருந்தே சொல்றேன்.

இந்த வேலைக்கு வந்த முதல் மாசமே சொல்லிக்குடுக்கிற ஒரு பாடம் இருக்கு. ஒருத்தர் சேர்ல உக்காந்திருக்கார், அடுத்த ரூம்ல போன் அடிக்குது. அவர் எழுந்திருக்க ஆரம்பிக்கிற அந்த அசைவுலயே கட் பண்ணணும், அடுத்த ஷாட்ல போனை நோக்கி கை வர்ற இடத்துல ஒட்டணும். நடுவுல அவர் எழுந்தது, நிமிந்தது, நடந்தது, கதவைத் தள்ளினது எல்லாமே குப்பை. வெட்டினது யாருக்கும் தெரியாது, ஏன்னா முப்பது வயசு உடம்புக்கு எழுந்திருக்கிறது ஒரு வேலையே கிடையாது, எழுந்திருக்கணும்னு நெனைக்கிறதுக்கு முன்னாடியே எழுந்து நின்னுடும். நெனப்புக்கும் செயலுக்கும் நடுவுல சந்தே இல்லாத உடம்பு அது. நாம தினம் பாக்கிற சினிமாவோட வேகம் மொத்தமும் அந்த மாதிரி ஒரு உடம்ப மனசுல வச்சுதான் உருவாயிருக்கு, ஆனா அதை நாம வேகம்னு கூட நெனைக்கிறதில்ல, சினிமான்னாலே அப்படித்தான்னு இருந்துடுறோம்.

நான் அசிஸ்டென்டா இருந்த காலத்துல, தனியா வாழற ஒரு பாட்டியப் பத்தின சின்ன டாக்குமென்ட்ரி ஒண்ணு எங்ககிட்ட எடிட்டுக்கு வந்துச்சு. அதுல காலிங் பெல் அடிக்குது, அவங்க கட்டில்ல இருந்து எழுந்து போய் கதவைத் திறக்கிறாங்க, அம்பது செகண்டு ஓடுற ஒரே ஷாட். நான் எனக்குத் தெரிஞ்ச பாடப்படி அதை வெட்டி ஆறு செகண்டாக்கி, ரொம்ப சுத்தமா ஒட்டி, உள்ளுக்குள்ள பெருமையா கூட இருந்தேன். முதல் கட்டமா ஒட்டி வச்ச 'ரஃப் கட்'ட அந்தப் பாட்டிக்கே போட்டுக் காமிச்சோம். அந்த இடம் வந்தப்போ அவங்க திரும்பி என்னைப் பாத்து, கோபமெல்லாம் இல்லாம, நெஜமாவே சந்தேகமா கேட்டாங்க, "தம்பி, இது யாரு? நான் இவ்ளோ சுருக்கா எழுந்திருக்க மாட்டேனே."

டைரக்டர் ஒண்ணும் சொல்லல. நான் அன்னைக்கு ராத்திரி, வெட்டிப் போட்ட நாப்பத்தி நாலு செகண்டையும் திருப்பி எடுத்துப் போட்டுப் பாத்தேன். முதல்ல ரெண்டு கையையும் கட்டில் விளிம்புல ஊனுறாங்க. உடனே எழுந்துக்கல, கொஞ்ச நேரம் அப்படியே இருக்காங்க, சும்மா இருக்கிற மாதிரி தெரியுது ஆனா சும்மா இல்ல, இன்னைக்கு முட்டி என்ன சொல்லுதுன்னு கேட்டுக்கிட்டு இருக்காங்க. ஒரு தடவை பாதி எழுந்து மறுபடி உக்காந்துடுறாங்க. ரெண்டாவது தடவை எழுந்துட்டாங்க, ஆனா நடக்கல, தலை சுத்துதான்னு பாத்துட்டு நிக்கிறாங்க, அதுக்குள்ள பெல் ரெண்டாவது வாட்டி அடிக்குது, "வர்றேன்"னு சொல்றாங்க, அது வெளிய நிக்கிறவங்களுக்குக் கேக்காதுன்னு அவங்களுக்கே தெரியும். அப்புறம் சேரோட முதுகு, செவுறு, மேஜை ஓரம், கதவு நிலைன்னு ஒண்ணைப் பிடிச்சு ஒண்ணை விட்டு போறாங்க. கதவுகிட்ட போனதும் திறக்கல. முடியை ஒதுக்கி விட்டு, மூச்சு சீராகுற வரைக்கும் நின்னு, முகத்தைச் சரி பண்ணிக்கிட்டு, அப்புறம்தான் திறக்கிறாங்க, இவ்ளோ பாடுபட்டது வந்தவங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு. ஒரு கதைக்கு என்னெல்லாம் வேணும்னு சொல்லுவாங்களோ, ஒரு குறிக்கோள், அதுக்குத் தடை, ஒரு தோல்வி, ஒரு தந்திரம், ஒரு ஜெயிப்பு, ஒரு ரகசியம், அத்தனையும் அந்த நாப்பத்தி நாலு செகண்டுல இருந்துச்சு, நான் அதைத்தான் குப்பைன்னு எடுத்துப் போட்டிருந்தேன்.

உங்க கேள்விக்கு என் பதில் இதுதான். மத்த படங்கள் குப்பைன்னு வெட்டுறது எதுவோ, இந்தப் படங்கள்ல அதுதான் கதை. மெதுவா போறது ஒரு ஸ்டைலுக்காக மேல பூசினது கிடையாது, அந்த உடம்போட அளவுக்குத் தைச்ச சட்டை அது. "ஒண்ணுமே நடக்கல"ன்னு தோணுறது, முப்பது வயசு உடம்பை அளவுகோலா வச்சுப் பாக்கிறதாலதான்.

இதை யாரும் ஓசு அளவுக்குப் புரிஞ்சுக்கிட்டதா எனக்குத் தெரியல. ஜப்பான் டைரக்டர் யசுஜிரோ ஓசு 1953ல எடுத்த 'டோக்கியோ ஸ்டோரி', ரெண்டே கால் மணி நேரத்துக்கு மேல ஓடுற படம், கதைன்னு சொன்னா ரெண்டு வரி. ஒனோமிச்சிங்கற ஊர்ல இருக்கிற வயசான புருஷன் பொண்டாட்டி, டோக்கியோல இருக்கிற பிள்ளைங்கள பாக்கப் போறாங்க, பிள்ளைங்களுக்கு நேரமில்ல, திரும்பி வர்றாங்க, அம்மா இறந்துடுறாங்க. நிறைய பேர் நெனைக்கிற மாதிரி ஓசு நீள நீளமான ஷாட் வைக்கிற ஆள் இல்ல, நல்லா கட் பண்ணுவார், ஒருத்தர் பேசி முடிச்சதும் அடுத்தவர் முகம்னு ஒழுங்கா போய்க்கிட்டே இருக்கும். மெதுவுங்கற உணர்வு வேற எங்கிருந்தோ வருது. எதை வெட்டுறார், எதை வைக்கிறார்ங்கறதுல இருந்து வருது.

படத்தோட ஆரம்பத்துல ரெண்டு பேரும் பயணத்துக்கு மூட்டை கட்டுறாங்க. காத்தடிச்சு வைக்கிற தலகாணி ஒண்ணைக் காணோம். உன்கிட்டதான குடுத்தேன்னு இவர், என்கிட்ட இல்லையேன்னு அவங்க, கடைசில இவர் பையிலயே இருக்கு. இதை முழுசா காமிக்கிறார். அடுத்து பெரிய ரயில் பயணம், அந்தக் காலத்துல அவ்வளவு தூரம், அது ஒரு ஃபிரேம் கூட கிடையாது, நேரா டோக்கியோவோட புகைபோக்கிகளுக்கு வந்துடுறார். திரும்பி வரும்போது ரயில்லயே அம்மாவுக்கு உடம்பு முடியாம போய் வழியில ஒசாக்காவுல இறங்க வேண்டி வருது, அதுவும் கிடையாது, அப்புறம் பேச்சுல தெரிஞ்சுக்கிறோம். அவங்க சாகுற நிமிஷம் கூட கிடையாது. விடியிற வரைக்கும் தாங்குமான்னு பேசிக்கிறாங்க, அடுத்து விடிகாலைல ஆளில்லாத துறைமுகம், தெரு, தண்டவாளம், மறுபடி வீட்டுக்குள்ள வந்தா எல்லாரும் அவங்களச் சுத்தி உக்காந்திருக்காங்க, முடிஞ்சுபோச்சு. வேற எந்த டைரக்டரா இருந்தாலும் அந்த ரயிலையும் அந்த மரணத்தையும் வச்சு அரை மணி நேரம் எடுத்திருப்பார், தலகாணியை வெட்டியிருப்பார். ஓசு தலகாணியை வச்சுக்கிட்டு மரணத்தை வெட்டுறார்.

ஏன் அப்படின்னு ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன். வயசானவங்ககிட்ட உக்காந்து பேசினீங்கன்னா ஒண்ணு கவனிக்கலாம், பெரிய சம்பவங்களை அவங்க ஒரே வரியில சொல்லிட்டுப் போயிடுவாங்க. "அவர் போய் பதினோரு வருஷமாச்சு", அவ்ளோதான். ஆனா கண்ணாடிய எங்க வச்சோம்னு தேடினது, அது தலையிலயே இருந்தது, அதைப் பாத்து அவர் சிரிச்சது, இது அஞ்சு நிமிஷம் ஓடும். அந்தக் கணக்குலதான் இந்தப் படமும் ஓடுது. மனைவி போன விடியக்காலைல அந்தப் பெரியவர் வீட்டுல இல்ல, வெளிய தனியா நின்னுட்டிருக்கார், மருமக நோரிக்கோ தேடிப் போறா, அவர் சொல்றது விடியல் அழகா இருந்துச்சு, இன்னைக்கும் வெயில் ஜாஸ்தியா இருக்கும்போல, இவ்வளவுதான். இந்த இடத்தை என்னால இன்னும் சாதாரணமா பாக்க முடியல.

இன்னொரு விஷயம், அந்தப் பிள்ளைங்கள ஓசு வில்லனாக்கல. மூத்த மக, அம்மா காரியம் முடிஞ்ச கையோட அம்மா துணிமணில எது தனக்குன்னு கேக்கிறா, ஆனா அதே மக கொஞ்ச நேரம் முன்னாடி அழுதது பொய் அழுகை இல்ல. கடைசிப் பொண்ணு இதைப் பாத்துக் கொதிச்சுப் போறப்போ, அவளைச் சமாதானப்படுத்துறது போர்ல புருஷனை இழந்த நோரிக்கோதான், பிள்ளைங்க வளர வளர பெத்தவங்கள விட்டு விலகித்தான் போவாங்கன்னு. யாரும் கெட்டவங்க இல்ல, எல்லாரும் வேற வேற வேகத்துல இருக்காங்க.

வேகம்னு சொன்னதும் இதுக்கும் முந்தின ஒரு படம் சொல்லணும். 1937ல ஹாலிவுட்ல லியோ மெக்கேரி எடுத்த 'மேக் வே ஃபார் டுமாரோ'. ஓசுவோட திரைக்கதைப் பங்காளி கோகோ நோடா பாத்திருந்த படம், 'டோக்கியோ ஸ்டோரி'க்கு விதை இங்கிருந்துதான் போச்சு. வீட்டை பேங்க்ல இழந்த தம்பதி, எந்தப் பிள்ளையாலயும் ரெண்டு பேரையும் ஒண்ணா வச்சுக்க முடியல, ஆளுக்கொரு வீடு. அம்மா இருக்கிற வீட்டுல மருமக சீட்டாட்ட வகுப்பு நடத்துறா, நல்லா டிரெஸ் பண்ணின ஒரு கூட்டம் உக்காந்திருக்கு, அந்த நேரம் பாத்து அம்மாவுக்கு அவங்க புருஷன்கிட்ட இருந்து போன் வருது. அந்தம்மாவுக்கு போன்ல பேசத் தெரியாது, தூரத்துல இருக்கார்ங்கறதால கத்திப் பேசுறாங்க. முதல்ல எல்லாருக்கும் சங்கடம், எரிச்சல். மெக்கேரி அதை வெட்டவே இல்ல. ராத்திரி குளுருமே, கதகதப்பா இருந்துக்கோங்கங்கற மாதிரி பேச்சு, அது போகப் போக சீட்டு கைல வச்சிருக்கிறவங்க ஒவ்வொருத்தரா அமைதியாகிடுறாங்க. அந்த ரூம் மொத்தமும் ஒரு கிழவியோட வேகத்துக்கு இறங்கி வருது, பாக்கிற நாமளும் கூடவே இறங்குறோம். அதை ரெண்டு செகண்டுல வெட்டியிருந்தா நாமளும் எரிச்சல்லயே நின்னிருப்போம். சந்தோஷமான முடிவு வைக்கச் சொல்லி ஸ்டூடியோ கேட்டும் அவர் மாத்தல, பாரமவுண்ட்டை விட்டே வெளிய வர வேண்டியதாச்சு. அதே வருஷம் எடுத்த வேற ஒரு காமெடிப் படத்துக்கு சிறந்த டைரக்டர் ஆஸ்கர் வாங்கின மேடையில, நீங்க தப்பான படத்துக்குக் குடுத்துட்டீங்கன்னு சொன்ன மனுஷன் அவர்.

அடுத்தது உடம்பு. ஒரு இளம் நடிகர் நொண்டி நடந்தா அது நடிப்புன்னு தெரியும், ஆனா எம்பது வயசுக்காரர் படி ஏறினா அந்தப் படியை அவர் நெஜமாவே ஏறித்தான் ஆகணும். டேவிட் லிஞ்ச் 1999ல எடுத்த 'தி ஸ்ட்ரெயிட் ஸ்டோரி'ல வர்ற ரிச்சர்ட் ஃபார்ன்ஸ்வொர்த், வாழ்க்கையில ரொம்ப காலம் ஸ்டன்ட்மேன், குதிரையில இருந்து விழுந்து எழுந்து சம்பாதிச்சவர். இந்தப் படம் எடுக்கும்போது எலும்பு வரைக்கும் பரவின கேன்சரோட நடிச்சார், ரெண்டு கைத்தடி வச்சு அவர் நடக்கிறது வேஷம் இல்ல. 79 வயசுல சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரை வந்துச்சு, 2000ல போய்ச் சேந்துட்டார். கதை நெஜமா நடந்தது. ஆல்வின் ஸ்ட்ரெயிட்னு ஒருத்தர், 1994ல, அவருக்கு 73 வயசு, கண்ணு சரியில்லாததால லைசன்ஸ் கிடையாது, அண்ணனுக்கு உடம்பு முடியலன்னு தெரிஞ்சதும், புல்லு வெட்டுற மெஷின் மேல உக்காந்து சுமார் 240 மைல் போனார். ஆறு வாரம் ஆச்சு.

அதுல ஒரு ஷாட் இருக்கு, எடிட்டருங்களுக்கெல்லாம் நான் காமிக்கிறது. மெஷின் ரோட்டுல போகுது, கேமரா மெல்ல மேல போய் வானத்துல நிக்குது, வழக்கமா இந்த மாதிரி வானத்துக்குப் போனா ஒரு டிசால்வ், அதாவது ஒரு காட்சி கரைஞ்சு அடுத்தது வர்றது, வந்து அம்பது மைல் தாண்டினதா அர்த்தம், நம்ம கண்ணு அதுக்குத் தயாரா இருக்கும். கேமரா திரும்பக் கீழ வருது. மெஷின் அதே ரோட்டுல, கொஞ்சூண்டு தள்ளி. சிரிப்பு வரும், அந்தச் சிரிப்பு அடங்குறதுக்குள்ள நீங்க அந்த மெஷினோட வேகத்துக்கு வந்துடுவீங்க, அதுக்கப்புறம் படம் உங்களுக்கு மெதுவா தெரியாது. இந்தப் படத்தோட எடிட்டர் மேரி ஸ்வீனி, திரைக்கதையும் அவங்க சேர்ந்து எழுதினதுதான், அதனால எனக்கு ஆச்சரியமே இல்ல.

நடிகரே இல்லாதவங்களை வச்சு எடுத்த படங்கள் இன்னும் ஒரு படி மேல. இத்தாலி டைரக்டர் டி சிக்காவோட 'உம்பர்ட்டோ டி' 1952, அதுல பென்ஷன் பத்தாத பெரியவரா வர்ற கார்லோ பத்திஸ்தி, நெஜத்துல மொழியியல் பேராசிரியர். பிச்சை எடுத்துப் பாக்கலாமான்னு தெருவோரமா நின்னு கையை நீட்டிப் பழகுறார், ஒருத்தர் காசு போட வர்றப்போ கையைக் குப்புறத் திருப்பிடுறார், மழை பெய்யுதான்னு பாக்கிற மாதிரி. மூணு செகண்டு இருக்கும். ஒரு மனுஷன் எழுபது வருஷமா கட்டிக் காத்த கௌரவம் அந்த மணிக்கட்டுத் திருப்பல்ல இருக்கு. கொரியாவுல 2002ல வந்த 'தி வே ஹோம்'ல பேச முடியாத பாட்டியா வந்த கிம் உல்-பூன் எழுபது வயசு தாண்டினவங்க, அதுக்கு முன்னாடி நடிச்சதே இல்லாத கிராமத்துப் பாட்டி. மணிகண்டனோட 'கடைசி விவசாயி'ல நல்லாண்டி ஐயா நெஜ விவசாயி, படம் 2022ல ரிலீஸ் ஆகுறதுக்கு முன்னாடியே இறந்துட்டார். அவர் மண்ணைத் தொடுற விதத்தை எந்த ஆக்டிங் ஸ்கூல்லயும் கத்துக்க முடியாது. ஹாலிவுட் நடிகை லில்லியன் கிஷ் வேற மாதிரி, மௌனப் பட காலத்துல 1912லயே திரைக்கு வந்த முகம், 1987ல 'தி வேல்ஸ் ஆஃப் ஆகஸ்ட்'ல தொண்ணூறு தாண்டி அதே முகம் க்ளோசப்ல வருது, எழுபத்தி அஞ்சு வருஷம் ஒரே முகத்துல நடந்திருக்கிறதப் பாக்கிறோம்.

இதை இப்படிச் சொல்லிட்டு ஒரு விஷயத்தை மறைக்கக்கூடாது. 'டோக்கியோ ஸ்டோரி'ல எழுபது வயசுக்காரரா வர்ற சிஷு ரியூவுக்கு அப்போ 49 வயசு. எடுத்த ஓசுவுக்கும் 49. ஓசு கிழவராகவே இல்ல, 1963ல தன்னோட அறுபதாவது பிறந்தநாள் அன்னைக்கே இறந்துட்டார். ஆக நெஜ வயசு இருந்தே தீரணும்னு சட்டமில்ல. ரியூ என்ன பண்ணினார்னா, நடுங்கல, இருமல, கூனல் போடல, அசைவுகளைக் குறைச்சுக்கிட்டார். ஒரு விசிறியை அசைக்கிறது, "ம்ம்"னு ஒரு சத்தம், அதுக்கப்புறம் ஒரு நிதானம். வயசான வேஷம் போடுறவங்க பெரும்பாலும் எதையாவது கூட்டுவாங்க. இவர் கழிச்சார்.

சத்தம் பத்தி சொல்லாம விட்டா எனக்குத் தூக்கம் வராது. ஆஸ்திரிய டைரக்டர் ஹனேக்கே 2012ல எடுத்த 'அமூர்', கிட்டத்தட்ட முழுக்க பாரிஸ்ல ஒரு ஃபிளாட்டுக்குள்ளயே நடக்கிற படம், ரெண்டு ஓய்வு பெற்ற இசை ஆசிரியர்கள், எண்பது தாண்டினவங்க. ஒரு காலைல கிச்சன்ல பேசிக்கிட்டு இருக்கும்போதே மனைவி அப்படியே உறைஞ்சு போயிடுறாங்க, கூப்பிட்டா பதில் இல்ல. அவர் குழாயைத் திறந்து துணியை நனைச்சு முகத்துல ஒத்துறார், ஒண்ணும் ஆகல, குழாயை மூட மறந்து டிரெஸ் மாத்த உள்ள ஓடுறார். கேமரா அவர்கூட உள்ள வந்துடுது, கிச்சன்ல தண்ணி கொட்டுற சத்தம் மட்டும் கேக்குது. திடீர்னு அந்தச் சத்தம் நிக்குது. அவ்வளவுதான். யாரோ குழாயை மூடியிருக்காங்க, அங்க இருக்கிறது ஒரே ஒருத்தர்தான். பேக்ரவுண்ட் மியூசிக் போட்டிருந்தா அந்தக் குழாய் செத்திருக்கும். இந்த வகைப் படங்கள்ல மியூசிக் கம்மியா இருக்கிறதுக்குக் காரணம் சிக்கனம் இல்ல, அடுத்த ரூம்ல என்ன சத்தம் வருதுன்னு காதைத் தீட்டிக்கிட்டு இருக்கிறதுதான் ஒருத்தரைப் பாத்துக்கிறவங்களோட முழுநேர வேலை, அந்தக் காதை நமக்குக் குடுக்கிறாங்க.

நம்ம ஆள் ஒருத்தரைச் சொல்லணும், பாலு மகேந்திரா. எழுத்து, கேமரா, டைரக்‌ஷன் மட்டும் இல்ல, எடிட்டிங்கும் அவரேதான் பண்ணுவார், அதனால எந்த ஷாட் எவ்வளவு நேரம் நிக்கணும்னு யாரும் அவருக்குச் சொல்ல முடியாது. 'வீடு'ல தாத்தாவா வர்ற சொக்கலிங்க பாகவதர், கட்டி முடிக்காத வீட்டைத் தனியா பாக்க வர்றார். உள்ள போய் சுத்திச் சுத்திப் பாக்கிறார், செவுத்தைத் தொட்டுப் பாக்கிறார். இளையராஜாவோட இசை ஓடுது, வசனமே கிடையாது, ஒரு திருப்பமும் இல்ல. நான் மேல சொன்னதுக்கு இது நேர்மாறுதான், இங்க மியூசிக் இருக்கு, ஆனா அந்த இசை நீங்க அழணும்னு பிடிச்சுத் தள்ளல, அவர்கூடவே நடக்குது. அடுத்து வந்த 'சந்தியா ராகம்'ல அதே பாகவதரை நடுவுல வச்சு முழுப் படமே எடுத்தார். ஒரு வீட்டுல எல்லாருக்கும் வேலை இருக்கு, ஒருத்தருக்கு மட்டும் நேரம் இருக்கு, அந்த நேரத்தை எங்க வைக்கிறதுன்னு அவருக்குத் தெரியல. தமிழ்ல இதுக்கு இணையா பெருசா ஒண்ணும் வரலங்கறது என் அபிப்பிராயம்.

எல்லா மெதுவான படமும் நல்ல படம்னு நான் சொல்ல வரல. மெதுவுங்கறத பவுடர் மாதிரி மேல போட்டுக்கிற படங்கள் நிறைய வருது, திரைப்பட விழாவுக்கு அனுப்பவே எடுத்த மாதிரி, ஒரு பெரியவரை ஜன்னலோரமா உக்கார வச்சு மூணு நிமிஷம் விட்டுட்டா ஆழம் வந்துடும்னு நம்பி. எனக்கு ஒரு சோதனை இருக்கு. அந்த மூணு நிமிஷத்துல அவர் ஏதாவது செய்றாரா, எதையாவது எதிர்பாக்கிறாரா, எதையாவது மறைக்கிறாரான்னு பாப்பேன். பாட்டி கதவுகிட்ட நின்னு முகத்தைச் சரி பண்ணின மாதிரி ஒண்ணு இருந்தா பத்து நிமிஷம் கூட உக்காருவேன். இல்லன்னா அது ஃபோட்டோ, அதை வெட்டலாம், நானே வெட்டிக் குடுப்பேன். இதுக்கு எதிர்ப்பக்கத்துல இன்னொரு வகை, வயசானவங்கள செல்லப்பிள்ளை மாதிரி காமிக்கிறது, பைக் ஓட்ட வைக்கிறது, குத்து டான்ஸ் ஆட வைக்கிறது, "மனசால இன்னும் இளமைதான்"னு கைதட்ட வைக்கிறது. அதுல அவங்கள நமக்குப் பிடிக்கணும்னா அவங்க நம்ம வேகத்துக்கு ஓடி வரணும்னு ஒரு நிபந்தனை இருக்கு. எனக்கு அது ஜன்னலோர ஃபோட்டோவை விட மோசமா படுது.

தூக்கம் வருதுங்கறதையும் மறுக்க மாட்டேன், வரும். முதல் இருபது நிமிஷம் உடம்பு முரண்டு பிடிக்கும், கை தானா போனைத் தேடும், ஏன்னா கண்ணு அடுத்த 'கட்'டுக்குக் காத்துப் பழகினது. போனை வேற ரூம்ல வச்சுடுங்க, வால்யூமை வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஏத்தி வைங்க, சத்தம் கேக்கலன்னா இந்தப் படங்கள்ல பாதி படம் போச்சு. நிறைய பேர் இந்தப் படங்கள் ஆறுதலா இருக்குன்னு சொல்றாங்க. எனக்கு ஆறுதலெல்லாம் கெடைக்கல, 'அமூர்' பாத்துட்டு ரெண்டு நாள் யார்கூடவும் சரியா பேசல. எனக்குக் கெடைச்சது ஒரு பழக்கம். படிக்கட்டுல எனக்கு முன்னாடி வயசானவங்க யாராவது ஏறினா, முன்னெல்லாம் எந்தப் பக்கமா தாண்டிப் போகலாம்னு பாப்பேன். இப்போ அவங்க கை எந்த இடத்துல பிடிமானத்தை விட்டு எந்த இடத்துல பிடிக்குதுன்னு பாக்கிறேன். அதுல எனக்கு நெஜமாவே சுவாரஸ்யம் இருக்கு, பரிதாபம் இல்ல.

எதுல ஆரம்பிக்கிறதுன்னு கேட்டா, 'தி ஸ்ட்ரெயிட் ஸ்டோரி'ல ஆரம்பிங்க, அதுல ஒரு பயணம் இருக்கிறதால பிடிச்சுக்க ஒரு கயிறு கெடைக்கும். கடைசில அண்ணனும் தம்பியும் வாசல்ல உக்காந்து, இதுல ஏறியா இவ்வளவு தூரம் என்னைப் பாக்க வந்தன்னு ஒருத்தர் கேட்டு, ஆமான்னு இன்னொருத்தர் சொல்ற இடம் வரைக்கும் வந்துட்டீங்கன்னா மத்ததெல்லாம் தானா வரும். 'அமூர்' கடைசியா வச்சுக்கோங்க, வீட்டுல யாருக்காவது உடம்பு முடியாத நேரமா இருந்தா இப்போதைக்கு வேண்டாம்.

'டோக்கியோ ஸ்டோரி' ஏற்கனவே பாத்துட்டு ஒண்ணுமே நடக்கலன்னு விட்டிருந்தீங்கன்னா, அதுல ஒரு இடத்தை மட்டும் திருப்பிப் பாருங்க. பிள்ளைங்க காசு போட்டு அவங்க ரெண்டு பேரையும் அட்டாமிங்கற கடலோர ஊருக்கு அனுப்பி வச்சிருப்பாங்க, ராத்திரி முழுக்க விடுதில கூத்தும் கும்மாளமும், தூக்கமே இல்ல. காலைல கடல் தடுப்புச் சுவர் மேல ரெண்டு பேரும் உக்காந்திருக்காங்க. ஊருக்குத் திரும்பிடலாமான்னு பேசிக்கிறாங்க. சரின்னு எழுந்திருக்கிறாங்க. எழுந்திருக்கும்போது அந்தம்மா மட்டும் தடுமாறி மறுபடி குனிஞ்சு உக்காந்துடுறாங்க. என்னாச்சுன்னு அவர் கேக்கிறார், தலை சுத்துச்சு, இப்போ சரியாயிடுச்சுன்னு சொல்றாங்க, ராத்திரி தூங்காததால இருக்கும்னு அவர் சொல்றார். படத்துல வரப்போற எல்லாமே அங்க ஆரம்பிச்சிருச்சு, அவருக்குத் தெரியாது, முதல் தடவை பாக்கிற நமக்கும் தெரியாது. அவங்க மறுபடி எழுந்துக்கிறாங்க, ரெண்டு பேரும் அந்தச் சுவர் மேலயே மெல்ல நடந்து போறாங்க.